ஸ்கிரீனை அணைச்சா போதுமா?

உங்க வீட்டு பீரோ மேலயோ கட்டிலுக்கு அடியிலயோ ஒரு அரசாங்க லேப்டாப் இருக்கா? மூடி மேல கோபுர முத்திரை, ஒரு மூலையில உடைஞ்ச பிளாஸ்டிக், சார்ஜர் வயர்ல இன்சுலேஷன் டேப். இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்கும் போட்டுடாதீங்க. அதை வீட்டு நெட்டுக்கு ஃபயர்வாலா மாத்தலாம். இதைச் சொல்லத்தான் முதல்ல எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேற ஒரு விஷயம் பெருசாயிடுச்சு. ரெண்டையும் சொல்லிடறேன்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கினது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு. எங்கே தெரியுமா? நம்ம பக்கத்து காக்களூர்ல. வேப்பம்பட்டுல ட்ரெயின் ஏறினா செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், அடுத்தது திருவள்ளூர், அவ்வளவு கிட்ட. அப்போ முதல்வரா இருந்த ஜெயலலிதா அங்க வந்துதான் லேப்டாப், மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், ஆடு, மாடு எல்லாத்தையும் ஒரே விழாவுல தொடங்கி வெச்சாங்க. அரசு மற்றும் அரசு உதவி பெறும் நிறுவனங்கள்ல படிச்சவங்களுக்கு எல்காட் மூலமா வாங்கிக் கொடுத்தாங்க. நான் படிச்சது தனியார் இங்கிலீஷ் மீடியம், அதனால எனக்குக் கிடையாது. எங்க பெரியம்மா பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ படிச்சப்போ வாங்கினது இது. அக்கா இதுலயே காலேஜ் ப்ராஜெக்ட் முடிச்சு, பேங்க் எக்ஸாமுக்குப் படிச்சு, வேலைக்கும் போயிட்டாங்க. விண்டோஸோட சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்துச்சு. அக்கா ஒருநாள்கூட அதைத் திறந்ததில்லையாம். "தப்பா அதை செலக்ட் பண்ணிட்டா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன்"னு சொன்னாங்க.

2025-26 பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப்னு அறிவிச்சாங்க. புதுசு ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தா பழசு எங்க போகும்னு நமக்குத் தெரியும்.

ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும். உங்க வீட்டு ரவுட்டர் ஏற்கனவே ஒரு சின்ன ஃபயர்வால்தான். வெளியிலிருந்து யாரும் நேரா உங்க போனுக்கு வர முடியாம அது தடுக்குது. அப்புறம் எதுக்கு லேப்டாப்? கேபிள்காரர் மாட்டிட்டுப் போன டப்பாவுக்கு அப்டேட் வருதான்னு நாம யாரும் பார்க்கறது இல்ல. அதைவிட முக்கியம், வீட்டுக்குள்ள இருக்கிற பொருள் வெளியே போய் என்ன பண்ணுதுன்னு அந்த டப்பா பொதுவா கண்டுக்காது. எங்க அப்பா கேட்ல ஒரு சிசிடிவி கேமரா மாட்டியிருக்கார். பாஸ்வேர்ட் என்னன்னு கேட்டேன். மாட்டினவர் என்ன வெச்சாரோ அதான்னார்.

இது சின்ன விஷயம் இல்ல. 2016-ல மிராய்னு ஒரு மால்வேர் வந்துச்சு. கம்பெனி வெச்ச பாஸ்வேர்டை மாத்தாம விட்ட கேமரா, டிவிஆர், ரவுட்டர் இதையெல்லாம் பிடிச்சு ஒரு பட்டாளமா ஆக்கினது. அந்த வருஷம் அக்டோபர் 21 அன்னைக்கு டின்-ங்கிற டிஎன்எஸ் கம்பெனியை அந்த மாதிரிப் பட்டாளம் அடிச்சதுல ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெட்டிட்லாம் அமெரிக்காவுல பல மணி நேரம் தடுமாறுச்சு. மிராயை எழுதினவங்க நம்ம வயசுப் பசங்க. அதுல ஒருத்தர் தான் படிச்ச ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி நெட்வொர்க்கையே திரும்பத் திரும்ப அடிச்சவர். (ஐடியா யாருக்கும் கொடுக்கல. அவர் கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டார் என்பதையும் சேர்த்தே படிங்க.)

அதனால எங்க வீட்ல கேமராவைத் தனியா ஒரு பக்கம் ஒதுக்கி, அது போனுங்க பக்கம் வரக்கூடாதுன்னு விதி போட்டு, விளம்பர சைட்டுகளைத் தடுக்க பை-ஹோலும் போட்டேன். டெபியன், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின ஒரு யூஎஸ்பி-ஈதர்நெட் அடாப்டர், ரெண்டு ஞாயித்துக்கிழமை. பழைய லேப்டாப்ல ஒரே ஒரு லேன் போர்ட்தான் இருக்கும், ஃபயர்வாலுக்கு ரெண்டு வேணும், அதுக்குத்தான் அடாப்டர். 2 ஜிபி ராம் இதுக்குத் தாராளம்.

இப்ப ஸ்கிரீனுக்கு வருவோம். 24 மணி நேரமும் ஓடற மிஷினுக்கு ஸ்கிரீன் எதுக்கு? மூடியை மூடிட்டா போச்சுன்னு நினைச்சேன். மூடினேன். வீடு முழுக்க நெட் போச்சு. மூடியை மூடினா தூங்கப் போகணும்னுதான் லேப்டாப்புக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. லினக்ஸ்ல சிஸ்டம்டி இருந்தா லாகின்டி-யோட கான்ஃபிக் ஃபைல்ல 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்'னு ஒரு வரி வரும். அதை 'இக்னோர்'னு மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. இதைச் செய்யாம விட்டா, உங்க அம்மா தூசி தட்டறப்போ மூடியை மூடுவாங்க, சரியா அந்த நேரம் பார்த்து உங்களுக்கு ஆன்லைன் இன்டர்வியூ இருக்கும். எனக்கு இருந்துச்சு.

மூடாம ஸ்கிரீனை மட்டும் அணைக்கறதுன்னா அதுல ஒரு குழி இருக்கு. லினக்ஸ் கன்சோல் பத்து நிமிஷம் சும்மா இருந்தா தானா கறுப்பாகற வழக்கம் முன்னாடி இருந்துச்சு. 2017-ல வந்த 4.12 கெர்னல்லேர்ந்து அதை டிஃபால்ட்டா நிறுத்திட்டாங்க. 'கன்சோல் பிளாங்க்'னு கெர்னல் பாராமீட்டர்ல செகண்ட் கணக்கு கொடுத்தா திரும்ப வரும். ஆனா சில லேப்டாப்ல இது ஏமாத்து வேலை. எழுத்து மறையும், ஸ்கிரீன் கறுப்பாகும், பின்னாடி இருக்கிற பேக்லைட் மட்டும் எரிஞ்சுகிட்டே இருக்கும். எல்சிடி-யில கறுப்புன்னா லைட்டை மறைக்கறதுதான், அணைக்கறது இல்ல. ராத்திரி ரூம் லைட்டை ஆஃப் பண்ணிட்டு ஸ்கிரீனைப் பாருங்க. சாம்பல் கலர்ல லேசா ஒளிர்ந்தா உங்க கரண்ட் போயிட்டே இருக்குன்னு அர்த்தம். 'சிஸ்' ஃபைல் சிஸ்டத்துல 'பேக்லைட்' ஃபோல்டருக்குள்ள 'பிஎல் பவர்'னு ஒரு ஃபைல் இருக்கும். அதுல 4-னு எழுதினா பேக்லைட் அணையும், 0-னு எழுதினா எரியும். பூட் ஆகும்போதே 4 எழுதற மாதிரி ஒரு சின்ன சர்வீஸ் போட்டுடுங்க. ஓபன்பிஎஸ்டி போட்டிருக்கிற ரெண்டு மூணு புண்ணியவான்களுக்கு: உங்களுக்கு 'டபிள்யூஎஸ்கான்ஸ்சிடிஎல்'ல இருக்கு, மூடிக்கு 'லிட் ஆக்‌ஷன்'. உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல.

லேப்ல இருந்து ஒரு வாட் மீட்டர் கேட்டு வாங்கி வந்து அளந்தேன். ஸ்கிரீன் எரிஞ்சா 17 வாட். வெறும் கறுப்பாக்கினாலும் அதே 17. பேக்லைட்டை அணைச்சா 13. அந்த 4 வாட் ரெண்டு மாச பில்லுக்கு 5.76 யூனிட். வருஷத்துக்கு 35 யூனிட். மிச்ச 13 வாட் ரெண்டு மாசத்துக்கு கிட்டத்தட்ட 19 யூனிட், வருஷத்துக்கு 114. 19 யூனிட்தானேன்னு தோணும். ஆனா நம்ம ஊர் ஸ்லாப் கணக்கு உங்களுக்குத் தெரியும், ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டினா மேல போன யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ இருக்கிற கணக்கும் சேர்ந்து மாறும். ஏசி போடற வீடுன்னா மே மாசம் அந்தக் கோட்டுல நிக்கும். பார்த்து.

பேட்டரியைப் பத்தி ஒரு வரி. டச்பேட் மேல எழும்பி இருந்தாலோ, லேப்டாப் மேஜையில ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம். உடனே கழட்டுங்க. இலவச யூபிஎஸ்னு ஆசைப்பட்டு வெச்சிருக்காதீங்க. மாடி ரூம் மே மாச வெயில்ல லித்தியம் பேட்டரி தூங்கற இடத்துக்குப் பக்கத்துல வேண்டவே வேண்டாம். மூடியை முழுசா மூடி வெச்சா சூடும் ஏறும், நான் நாலு விரல் அளவு திறந்து வெச்சிருக்கேன்.

இதுவரைக்கும் டெக்னிக்கல். இதோட முடிச்சிருந்தா நல்ல பையனா இருந்திருப்பேன்.

ஸ்கிரீனை நான் முதல்ல அணைக்கவே இல்ல. காரணம் சொல்றதுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. பந்தா. ஹால்ல டிவிக்குப் பக்கத்துல லேப்டாப்பை வெச்சு, பை-ஹோலோட லாக்கை லைவா ஓட விட்டிருந்தேன். கறுப்பு ஸ்கிரீன்ல பச்சை எழுத்து, எந்த போன் எந்த சைட்டைக் கேட்குது, எது தடுக்கப்பட்டதுன்னு மேல மேல போயிட்டே இருக்கும். வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "தம்பி ஹேக்கரா?"ன்னு கேட்பாங்க. நான் இல்லை இல்லைன்னு சொல்லிக்கிட்டே சிரிப்பேன். இன்னும் சுலபமா புரியட்டும்னு ஒவ்வொரு போனுக்கும் பேர் வேற கொடுத்திருந்தேன். அப்பா, அம்மா, தங்கச்சி, நான்.

ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அப்பா தண்ணி குடிக்க எழுந்தார். ஸ்கிரீன்ல தங்கச்சி பேர், பக்கத்துல ஒரு டேட்டிங் ஆப் பேர். அவளுக்கு 17 வயசு, பிளஸ் டூ. மத்ததை நான் விவரமா எழுதப்போறது இல்ல. காலையில நான் எழுந்து வந்தப்போ அவ போன் அப்பா கையில இருந்துச்சு, அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரல, அவ அழுது முடிச்சிருந்தா.

உட்கார்ந்து பார்த்தேன். அவ போன்ல அந்த ஆப்பே இல்ல. அன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கே தூங்கிட்டா. கிரிக்கெட் ஸ்கோர் ஆப் ஒண்ணு பின்னணியில ஓடிக்கிட்டு இருந்திருக்கு, அது ஒரு விளம்பரத்தை இழுத்திருக்கு, அந்த விளம்பரம் டேட்டிங் ஆப்போடது. அந்தப் பேரைத் தேடிப் பார்த்தா அதே வாரம் அப்பா போன்ல இருந்தும் மூணு தடவை போயிருக்கு. அதை அப்பாகிட்ட காட்டினேன். அவர் ஒண்ணும் பேசல. போனைத் திருப்பிக் கொடுத்துட்டு ஆபீஸ் கிளம்பிட்டார்.

டிஎன்எஸ் லாக் எவ்வளவு அரைகுறைன்னு அன்னைக்குத்தான் எனக்கே உறைச்சது. நெட்வொர்க்ஸ் பேப்பர்ல நல்ல மார்க் வாங்கினவன் நான். அது பேரை மட்டும்தான் சொல்லும். போனை யார் கையில வெச்சிருந்தாங்கன்னு சொல்லாது. கையில யாருமே இல்லாம போன் தானா கேட்டுச்சான்னும் சொல்லாது. ஒரு நியூஸ் பக்கத்தைத் திறந்தா அதோட சேர்ந்து இருபது முப்பது பேர் லாக்ல விழும், அதுல நீங்க தேடினது ஒண்ணே ஒண்ணு. அந்த சைட்டுல எந்தப் பக்கத்தைப் படிச்சாங்கன்னும் தெரியாது. அரைகுறையா இருக்கிறதாலதான் ஆபத்து. மீதியைப் பார்க்கறவங்க மனசு நிரப்பிக்கும். அப்பா மனசு ஒரு மாதிரி நிரப்பும். வார்டன் மனசு ஒரு மாதிரி. பொண்ணு பேர்னா ஒரு மாதிரி, பையன் பேர்னா வேற மாதிரி. அந்த லாக்ல என் பேருக்குப் பக்கத்துல என்னென்னவோ ஓடியிருக்கு. ஒருத்தரும் ராத்திரி என்னை எழுப்பிக் கேட்டதில்ல.

அன்னைக்கு சாயங்காலம்தான் பேக்லைட் வேலையை எல்லாம் பார்த்து ஸ்கிரீனை அணைச்சேன். பெரிய தியாகம் பண்ணின மாதிரி தங்கச்சிகிட்ட போய் சொன்னேன், "இனிமே யாருக்கும் தெரியாது, ஸ்கிரீன் ஆஃப்."

அவ கேட்டா: "ஸ்கிரீன்தானே ஆஃப்? எழுதறது நின்னுச்சா?"

நிக்கல. லாக் ஹார்ட் டிஸ்க்ல அதுபாட்டுக்கு விழுந்துட்டே இருந்துச்சு. எஸ்எஸ்எச் போட்டு என் ரூம்ல இருந்தே நான் பார்க்கலாம். முன்னாடியாவது ஹால்ல பச்சையா ஓடறதால எல்லாருக்கும் தெரியும், எச்சரிக்கையா இருக்கலாம். இப்ப நான் ஒருத்தன் மட்டும் பார்க்கலாம், நான் பார்க்கறது யாருக்கும் தெரியாது. நல்லது பண்றதா நினைச்சு, விஷயத்தை இன்னும் மோசமாக்கி வெச்சிருந்தேன்.

அவ வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டாவுக்குப் போயிட்டா. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அதுல பயாலஜி வீடியோ எல்லாம் பார்த்து ராத்திரி எட்டு மணிக்கே தீர்ந்துடும். பாதுகாக்கறதுக்காகக் கட்டின சுவர், பாதுகாக்க வேண்டியவளை முதல் ஆளா வெளியே அனுப்பிடுச்சு. மால்வேர் சைட் தடுப்பு, விளம்பரத் தடுப்பு எதுவும் அவளுக்கு இல்ல. வீட்ல அந்த ஃபயர்வாலுக்குள்ள பத்திரமா இருந்தது சிசிடிவி கேமரா மட்டும்தான்.

இதைச் சொன்னப்போ என் கிளாஸ்மேட் ஒருத்தன் சண்டைக்கு வந்தான். "லாக் இல்லாம ஃபயர்வால் எதுக்குடா? ஏதாவது ஆச்சுன்னா எதை வெச்சுக் கண்டுபிடிப்ப?" நியாயமான கேள்வி. என் பதில் இது. லாக்ல ரெண்டு ஜாதி இருக்கு. வெளியிலிருந்து யார் கதவைத் தட்டினாங்கன்னு எழுதறது ஒண்ணு. வீட்ல இருக்கிறவங்க எங்க போனாங்கன்னு எழுதறது இன்னொண்ணு. முதலாவதை எவ்வளவு வேணா எழுதுங்க, அதுல யாருடைய அந்தரங்கமும் இல்ல. (உங்க கனெக்‌ஷன் சிஜி-நாட்டுக்குப் பின்னாடி இருந்தா அதுல பெருசா ஒண்ணும் விழாது, அது வேற.) ரெண்டாவதை டிஃபால்ட்டா எழுதவே கூடாதுங்கறேன். ஒரு சைட் திறக்கலைன்னு யாராவது சொன்னா, அவங்ககிட்ட சொல்லிட்டு, பத்து நிமிஷம் ஆன் பண்ணி, பார்த்துட்டு, அழிச்சுட்டு ஆஃப் பண்ணுங்க. கேமராவோட போக்குவரத்தை மட்டும் எழுதி வைக்கலாம், கேமராவுக்கு வெட்கம் கிடையாது. பை-ஹோல்லயே பிரைவசி லெவல்னு 0-லேர்ந்து 3 வரைக்கும் இருக்கு. 0-ன்னா எல்லாம் தெரியும், 3-ன்னா யார் எங்க போனாங்கன்னே இருக்காது, மொத்த எண்ணிக்கை மட்டும்தான். அந்தக் கேள்வியை இன்ஸ்டால் பண்ணும்போதே கேட்டுச்சு. நான் படிக்காம என்டர் தட்டிட்டுப் போயிருக்கேன். நீங்களும் தட்டியிருப்பீங்க.

அவன் விடல. "சட்டம் என்ன சொல்லுது?"ன்னான். சட்டம் என் வீட்டுப் பக்கமே வராது. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனிநபர் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்யறதுக்குப் பொருந்தாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. வேடிக்கை என்னன்னா, 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாதுன்னு அதே சட்டம் கம்பெனிகளுக்குத் தடை போடுது, சில விலக்குகளோட. பெரிய கம்பெனி பண்ணக் கூடாததை ஒரு அண்ணன் பழைய லேப்டாப்பை வெச்சு ஹால்ல பண்ணலாம். 2017 ஆகஸ்ட் 24 அன்னைக்கு புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. அந்தத் தீர்ப்பு டிவியில ஓடினப்போ நான் எட்டாவதோ என்னவோ, எனக்கு ஆதார் சம்பந்தப்பட்டதுன்னு மட்டும் ஞாபகம்.

வீடு சரி, ஹாஸ்டல்? இதைப் படிக்கிறதுல பாதிப் பேர் ஹாஸ்டல்ல இருந்துதான் படிப்பீங்க. பல காலேஜ் ஹாஸ்டல்கள்ல உங்க லாகின், பாஸ்வேர்ட் போட்டாத்தான் வைஃபை வரும். அதாவது அந்த ஃபயர்வாலுக்கு வெறும் போன் இல்ல, ரோல் நம்பரோட உங்களைத் தெரியும். அந்தப் பெட்டி சர்வர் ரூம் ராக்ல இருக்கும், அதுக்கு ஸ்கிரீனே கிடையாது. அதனால அது இருக்கிறதே நமக்கு ஞாபகம் வர்றதில்ல. என்ன எழுதுது, எத்தனை நாள் வெச்சிருக்கு, யார் யார் பார்க்கலாம், பார்த்தா பார்த்ததுக்கு ஒரு பதிவு இருக்கா? இந்த நாலு கேள்வியை நம்மள்ல எத்தனை பேர் கேட்டிருக்கோம்? நான் நாலு வருஷத்துல கேட்டதில்ல. யூடியூப் ஏன் பிளாக்னுதான் கேட்டிருக்கேன்.

"லாக் வைக்கணும்னு கவர்மென்டே சொல்லியிருக்கு"ன்னு பதில் வரலாம். பொய் இல்ல. 2022 ஏப்ரல் 28 அன்னைக்கு செர்ட்-இன் போட்ட உத்தரவுல நிறுவனங்கள் தங்களோட சிஸ்டம் லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும்னு இருக்கு. ஆனா அது சைபர் தாக்குதல் நடந்தா விசாரிக்கறதுக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு யார் என்ன பார்த்தான்னு எடுத்து அப்பா அம்மாவுக்குப் போன் போடறதுக்கு இல்ல. வைக்கணும்ங்கறதும் பார்க்கலாம்ங்கறதும் வேற வேற. பூட்டி வைக்கலாம், ரெண்டு பேர் சேர்ந்தாதான் திறக்கணும்னு வைக்கலாம், 181-வது நாள் அழிக்கலாம். இதெல்லாம் நாம செகண்ட் இயர்லயே படிச்ச விஷயம்தான், கடினமான இன்ஜினியரிங் இல்ல.

கேட்டா மாறுமான்னு நினைக்கறவங்களுக்குக் கேரளாவுல ஒரு கதை இருக்கு. கோழிக்கோடு பக்கம் சேளன்னூர்ல ஒரு காலேஜ் லேடீஸ் ஹாஸ்டல்ல, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் போனைக் கொடுத்துடணும்னு விதி. ஃபஹீமா ஷிரின்ங்கிற ஸ்டூடண்ட் முடியாதுன்னாங்க, ஹாஸ்டலை விட்டு அனுப்பினாங்க, அவங்க ஹைகோர்ட் போனாங்க. 2019 செப்டம்பர் 19 அன்னைக்கு தீர்ப்பு. இணையத்தைப் பயன்படுத்தறது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்ததுன்னு சொல்லி, அவங்களைத் திரும்பச் சேர்த்துக்கச் சொன்னாங்க. அவங்க அப்போ பி.ஏ. படிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஃபயர்வால் எப்படி வேலை செய்யுதுன்னு படிச்ச நாம அந்த நாலு கேள்வியையாவது ஒரு மெயில்ல போட்டு அனுப்பலாம். கோபமா வேண்டாம், மரியாதையாவே கேட்கலாம். எடிட்டோரியல் டீம்ல பேசிட்டேன், மெயிலை டிராஃப்ட் பண்ணித் தர்றதுக்கு மூணு பேர் ரெடி. பதில் வந்தா அப்படியே அடுத்த இதழ்ல போடுவோம். வராட்டியும் போடுவோம்.

எங்க வீட்டு நிலவரம்: பிரைவசி லெவல் 3. பழைய லாக் முழுக்க அழிச்சாச்சு, தங்கச்சியை உட்கார வெச்சு அவளையே என்டர் தட்டச் சொன்னேன். போன் பேர்களையும் எடுத்துட்டேன். அட்மின் பாஸ்வேர்ட் அவகிட்டயும் இருக்கு, எப்ப வேணா உள்ள போய்ப் பார்த்துக்கலாம். வைஃபைக்குத் திரும்ப அவளுக்கு மூணு வாரம் ஆச்சு. நான் எதுவும் கேட்கல. ஒருநாள் மொட்டை மாடியில துணி எடுக்கும்போது, "வீட்டு நெட் ஸ்லோவா இருக்குண்ணா"ன்னா. அப்பத்தான் அவ திரும்பிட்டான்னு எனக்குத் தெரிஞ்சுது, லாக் இல்லாததால.

மூடி மேல கோபுர முத்திரைக்குக் கீழே ஒரு ஏ4 பேப்பர் ஒட்டியிருக்கேன், தமிழ்ல, கையால. "இது என்ன செய்யும்: விளம்பரம் தடுக்கும், வைரஸ் சைட் தடுக்கும், கேமராவைத் தனியா வைக்கும். என்ன செய்யாது: யார் எங்க போறாங்கன்னு எழுதாது. மூடியை மூட வேண்டாம்." அப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசா படிச்சார். ஒரு ஒற்றுப்பிழையைப் பேனாவால திருத்திட்டுப் போனார். அதுக்குக் கீழே தங்கச்சி பச்சை ஸ்கெட்ச்ல ஒரு வரி சேர்த்திருக்கா: "எக்ஸாம் முடியற வரைக்கும் அண்ணன் இதைத் தொடக்கூடாது."